கனடாவின் போக்குவரத்து நிறுவனங்களும் பூர்வகுடிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ரயில், பேருந்து, கப்பல் நிறுவனங்கள் பலவற்றின் ஆண்டறிக்கைகளில் பூர்வகுடிகளுடனான நல்லுறவு குறித்த வாக்குறுதி இன்று இடம்பெறுகிறது. அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது, சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது, எங்கே அது நிறைவேறியது, எங்கே முறிந்தது என்பவற்றை இந்தப் பக்கம் விளக்குகிறது. மற்ற ஊர்திகளைவிட ரயிலுக்கே இதில் அதிக இடம் தரப்பட்டுள்ளது. அதன் காரணம் இரண்டாம் கேள்விக்கான விடையில் தெரியவரும்.

பூர்வகுடிகள் என்று இங்கே யாரைக் குறிப்பிடுகிறோம்?

கனடாவின் 1982-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, முதற்குடிகள், வடதுருவப் பகுதி மக்களான இனுயிட், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு மரபினரான மெட்டிஸ் ஆகிய மூன்று தரப்பினரின் உரிமைகளையும் அவர்களுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகளையும் அங்கீகரிக்கிறது. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்கள் ஏறத்தாழ 18 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 5 விழுக்காடு. முதற்குடிச் சமூகங்கள் மட்டுமே 600-க்கு மேல் உள்ளன. எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. ஆகவே "பூர்வகுடிகளுடன் பேசினோம்" என்று ஒரு நிறுவனம் பொதுவாகச் சொன்னால், எந்தச் சமூகத்துடன், அதன் எந்த அமைப்புடன் என்று உடனே கேட்டுவிட வேண்டும்.

மற்ற தொழில்களைவிட ரயில் நிறுவனங்களுக்கு இதில் ஏன் கூடுதல் பொறுப்பு?

மேற்குக் கனடாவில் நிலம் கைமாறியதும் ரயில்பாதை போடப்பட்டதும் ஒரே திட்டத்தின் இரண்டு பகுதிகள். கனடியன் பசிபிக் நிறுவனத்துக்குக் கூட்டாட்சி அரசு 2.5 கோடி டாலரையும் 2.5 கோடி ஏக்கர் நிலத்தையும் வழங்கியது. 1871 முதல் 1877 வரை அரசுக்கும் முதற்குடிகளுக்கும் இடையே கையெழுத்தான, ஒன்று முதல் ஏழு வரை எண்ணிடப்பட்ட நில உடன்படிக்கைகளுக்குப் பின்னரே சமவெளியில் அந்த நிலத்தை இப்படி அள்ளிக் கொடுக்க முடிந்தது. காட்டெருமைகள் அழிந்து மக்கள் பட்டினியால் வாடிய 1880-களின் தொடக்கத்தில், தெற்குச் சமவெளியில் இருந்தவர்களை ரயில் வழித்தடத்தை விட்டு வடக்கே ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குப் போகவைக்க, அரசு உணவுப் பங்கீட்டை ஒரு கருவியாகவே பயன்படுத்தியது.

1885-இல் மெட்டிஸ் மக்களும் அவர்களோடு சில முதற்குடியினரும் கிளர்ந்தெழுந்தபோது, முழுதும் முடியாத அந்தப் பாதை வழியாகத்தான் படைவீரர்கள் மேற்கே கொண்டுசெல்லப்பட்டனர். பாதையின் கடைசி ஆணி அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி கிரெய்கெல்லாச்சியில் அடிக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, மெட்டிஸ் தலைவர் லூயி ரியேல் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். பாட நூல்கள் முதல் தேதியைத்தான் நெடுங்காலம் கொண்டாடி வந்தன.

பிரேசர் ஆற்றின் குறுகலான ஹெல்ஸ் கேட் பள்ளத்தாக்கில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கனடியன் நார்தர்ன் ரயில்பாதைக்காக வெடிவைத்துத் தகர்த்த பாறைகள் 1913-இல் ஆற்றுக்குள் கொட்டப்பட்டன. 1914 பிப்ரவரியில் பெரியதொரு பாறைச்சரிவும் ஏற்பட்டது. முட்டையிடுவதற்காக ஆற்றை எதிர்த்து ஏறி வரும் சாக்கை சால்மன் மீன்கள் அந்த வேகமான நீரைத் தாண்ட முடியாமல் கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த சமூகங்களுக்குக் குளிர்காலம் முழுதும் உணவாக இருந்தது காற்றில் உலர்த்திய இந்த மீன்தான். மீன்கள் ஏறிச் செல்லத் தனி வழி அமைக்கப்பட்டது 1940-களின் நடுப்பகுதியில். அந்த ரயில் நிறுவனம் பின்னர் கனடியன் நேஷனல், அதாவது சி.என்., நிறுவனத்தில் இணைக்கப்பட்டது. நூறாண்டுக்கு முந்தைய செயலுக்கு இன்றைய நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்பவர்கள், அதே பாதையில் அதன் ரயில்கள் இன்றும் ஓடி வருமானம் ஈட்டுகின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூர்வகுடிக் குழந்தைகளின் மொழியையும் பண்பாட்டையும் அழிப்பதற்காக அரசும் தேவாலயங்களும் நடத்திய உறைவிடப் பள்ளிகளுக்கு அவர்களை ஏற்றிச் சென்றதிலும் ரயில்களுக்குப் பங்கு உண்டு. 1,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அந்தப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். 1966 அக்டோபரில், கெனோரா நகரின் பள்ளியிலிருந்து தப்பிய சானி வென்ஜாக் என்ற 12 வயதுச் சிறுவன், சுமார் 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தன் வீட்டை நோக்கித் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, குளிரில் இறந்துபோனான். அவனுடைய உடல் பாதையோரத்தில்தான் கிடைத்தது.

பூர்வகுடிகளைக் கலந்தாலோசிப்பது சட்டக் கடமையா, நிறுவனத்தின் விருப்பமா?

இரண்டும் கலந்தது. 2004-இல், ஹைடா நேஷன் என்ற முதற்குடிச் சமூகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இதுதான்: பூர்வகுடிகளின் உரிமையைப் பாதிக்கக்கூடிய முடிவு எடுக்கும் முன் கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கு உரியது, தனியார் நிறுவனத்துக்கு அல்ல. ஆனால் கூட்டம் நடத்துவது, தகவல் தருவது, பாதிப்புகளைப் பதிவுசெய்வது போன்ற நடைமுறை வேலைகளை அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அந்த வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அரசு தந்த அனுமதியே நீதிமன்றத்தில் ரத்தாகும் ஆபத்து உண்டு. எனவே கடமை அரசுடையது என்றாலும் நட்டம் நிறுவனத்தின் தலையில்தான் விடியும்.

இதற்கு மேல் வருவது தார்மிகப் பொறுப்பு. உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இல் வெளியிட்ட 94 செயல் அழைப்புகளில் 92-ஆவது, நேரடியாக வணிக நிறுவனங்களை நோக்கியது. ஐக்கிய நாடுகள் அவை 2007-இல் ஏற்ற பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை நிறுவனங்கள் தங்கள் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும், பொருளாதாரத் திட்டங்களைத் தொடங்கும் முன் மக்களின் சம்மதத்தைப் பெற வேண்டும், வேலையிலும் பயிற்சியிலும் சமவாய்ப்புத் தர வேண்டும், உறைவிடப் பள்ளிகள் உள்ளிட்ட வரலாற்றை மேலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அந்தப் பிரகடனத்தை 2007-இல் எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் கனடாவும் ஒன்று. 2021 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் அதே கனடா, தன் கூட்டாட்சிச் சட்டங்களைப் பிரகடனத்தோடு இசையச் செய்வதாக ஏற்றுக்கொண்டது.

ஒரு சமூகத்தில் யாரிடம் சம்மதம் கேட்பது?

நிறுவனங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பல முதற்குடிச் சமூகங்களில், இந்தியன் சட்டம் என்ற பழைய சட்டத்தின் கீழ் தேர்ந்தெடுக்கப்படும் மன்றம் ஒன்று இருக்கிறது. ஒதுக்கீட்டு நிலத்தின் நிர்வாகம் அதன் கையில். அதற்கும் முந்தைய, வழிவழியாக வரும் தலைமையும் சில இடங்களில் இருக்கிறது. பரந்த பாரம்பரிய நிலப்பரப்பு தங்கள் பொறுப்பு என்று அந்தத் தலைவர்கள் கருதுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெட்சுவெட்டன் மக்களின் பரம்பரைத் தலைவர்களும் கிட்க்சன் மக்களின் தலைவர்களும் சேர்ந்து நடத்திய வழக்கில்தான், பூர்வகுடி நில உரிமை என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 1997-இல் விரிவாக விளக்கியது.

கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்த் திட்டம் வந்தபோது, வழித்தடத்தில் இருந்த 20 தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்கள் எதிர்த்தனர். 2020 பிப்ரவரியில், அவர்களுக்கு ஆதரவாக, பல ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே ஒன்டாரியோவின் டையண்டினாகா மோஹாக் மக்கள் சி.என். பாதையோரத்தில் முகாமிட்டனர். நாட்டின் கிழக்குப் பகுதியில் சரக்கு ரயில்கள் நின்றன. நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனமான வியா ரயிலின் சேவை பெருமளவு ரத்தானது. குழாய்த் திட்டம் சி.என். நிறுவனத்துடையது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வேறொருவர் யாரிடமோ சரியாகக் கேட்கவில்லை என்ற வழக்கின் விலையை ரயில் நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும் கொடுத்தார்கள். தண்டவாளம் எல்லோருடைய நிலத்தின் வழியாகவும் போவதால், ரயில் நிறுவனத்துக்கு இதில் ஒதுங்கி நிற்கும் வசதி இல்லை.

சம்மதம் என்பது தடுப்பதற்கான அதிகாரமா என்ற கேள்வி இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கலந்தாலோசனைக் கட்டத்தில் அப்படியோர் அதிகாரம் இல்லை என்று ஹைடா தீர்ப்பு சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, கேட்டதே போதும் என்று நடந்துகொண்ட நிறுவனங்கள் பின்னர் நீதிமன்றத்திலும் பாதையோரத்திலும் வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததுண்டு.

கலந்தாலோசனை அன்றாட நடைமுறையில் எதைப் பற்றியது?

பெரும்பாலும் சிறியதாகத் தோன்றும் விஷயங்களைப் பற்றியது. ஒதுக்கீட்டு நிலத்தை ரயில்பாதை இரண்டாகப் பிரிக்கும் ஊரில், வீடுகள் ஒரு பக்கம், நெடுஞ்சாலை மறுபக்கம் என்றிருக்கும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள சரக்கு ரயில் கடவையில் நின்றுவிட்டால், ஆம்புலன்ஸ் வண்டியும் நிற்க வேண்டியதுதான். ரயில் எங்கே காத்திருக்க வேண்டும் என்று கால அட்டவணை வகுக்கும் அறையில் இந்த ஊரின் பெயர் ஒலிக்கிறதா என்பதே கேள்வி.

களைக்கொல்லி மற்றொன்று. பாதையோரப் புதர்களைக் கட்டுப்படுத்த நிறுவனங்கள் மருந்து தெளிக்கின்றன. அதே ஓரங்களில் மக்கள் காட்டு பெர்ரிப் பழங்களும் மூலிகைகளும் பறிக்கிறார்கள். தெளிக்கும் நாளை முன்கூட்டியே சொல்வது ஒரு படி, எந்தப் பகுதிகளில் தெளிக்கவே கூடாது என்று சேர்ந்து முடிவெடுப்பது அடுத்த படி. கடும் பனிக்காலத்தில் மூஸ் மான்கள், பனி அகற்றிய தண்டவாளத்தின் மீது நடப்பது எளிது என்பதால் அங்கே வந்து ரயிலில் அடிபடுகின்றன. மூஸ் இறைச்சியை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது உணவுப் பிரச்சினை. எந்த வளைவில் மான்கள் கடக்கும் என்பதை அங்கே வேட்டையாடும் குடும்பங்கள் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள்; நிறுவனத்தின் வேலை அவர்களிடம் கேட்பதும் கேட்டபடி வேகத்தைக் குறைப்பதும்.

அபாயகரமான சரக்குகள் பற்றிய தகவலும் இதில் சேரும். கச்சா எண்ணெயும் குளோரினும் ஊர் வழியாகப் போகின்றன என்பது ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு விபத்து நடந்த பிறகு தெரியவந்து பயனில்லை.

பூர்வகுடித் தலைவர்களைக் கொண்டு ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தால் போதாதா?

சி.என். நிறுவனம் 2021-இல் அப்படியொரு குழுவை அமைத்தது. நாடு முழுவதிலும் மதிப்புப் பெற்ற பூர்வகுடித் தலைவர்கள் அதில் இருந்தனர். உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் தலைவராக இருந்த மறே சின்க்ளேரும் அவர்களில் ஒருவர். 2023 டிசம்பரில் அந்தக் குழுவினர் ஒட்டுமொத்தமாக விலகினர். தாங்கள் தந்த பரிந்துரைகளின்படி நிறுவனம் செயல்படவில்லை, பூர்வகுடிகளுக்கு இழைத்த கடந்தகாலத் தீங்கை அது ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

என் பார்வையில், இந்தத் துறையில் அண்மைக் காலத்தில் நடந்தவற்றுள் கவனித்துப் படிக்க வேண்டிய நிகழ்வு இது. குழுவை அமைப்பதற்கு நிறுவனத்திடம் மனமும் பணமும் இருந்தன. பெரிய பெயர்களும் கிடைத்தன. குழு சொல்வதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று யாருக்கு, எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இல்லாத குழு, நிறுவனத்துக்குப் பெயரைத் தரும், உறுப்பினர்களுக்குத் தலைகுனிவைத் தரும். மானமுள்ளவர்கள் ஒருநாள் எழுந்து போய்விடுவார்கள்.

வேலைவாய்ப்பில் நிலைமை எப்படி?

இது புதிய உறவு அல்ல. மாண்ட்ரியல் அருகே கானவாகே மோஹாக் ஆண்கள், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது 1886-இல் கனடியன் பசிபிக் பாலம் கட்டப்பட்டபோது கூலி வேலைக்கு அமர்ந்து, விரைவிலேயே உயரத்தில் இரும்புச் சட்டம் பொருத்துவதில் பெயர் பெற்றார்கள். 1907 ஆகஸ்ட் 29 அன்று கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து விழுந்து 75 பேர் இறந்தனர். அவர்களில் 33 பேர் கானவாகேயைச் சேர்ந்தவர்கள். ஒரே ஊர்.

இன்று, கூட்டாட்சிக் கட்டுப்பாட்டில் உள்ள, 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட ரயில், விமான நிறுவனங்கள், வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்படி பூர்வகுடி ஊழியர்களின் எண்ணிக்கை, பணிநிலை, ஊதிய அளவு ஆகியவற்றை ஆண்டுதோறும் அரசுக்கு அறிவிக்க வேண்டும். விளம்பரம் செய்வதோடு வேலை முடிவதில்லை. ஓட்டுநர் உரிமம் கேட்கும் பணிக்கு, உரிமத் தேர்வு மையமே இல்லாத தொலைதூர ஊரின் இளைஞர் எப்படி விண்ணப்பிப்பார்? முதலில் அந்தத் தேர்வை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். இலையுதிர் கால வேட்டைக்கும், ஊரில் ஒருவர் இறந்தால் பல நாள் நடக்கும் சடங்குகளுக்கும் விடுப்பு விதிகளில் இடம் வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட, ஐந்து ஆண்டு கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் மேற்பார்வையாளர் எத்தனை பேர் என்ற எண்களே உண்மையைச் சொல்லும்.

கொள்முதல் ஒப்பந்தங்களில் பங்கு தருவது எப்படி?

கூட்டாட்சி அரசு தன் ஒப்பந்தங்களின் மதிப்பில் குறைந்தது 5 விழுக்காடு பூர்வகுடித் தொழில்களுக்குப் போக வேண்டும் என்ற இலக்கை 2021-இல் அறிவித்தது. பூர்வகுடித் தொழில் என்று கருதப்படுவதற்குப் பொதுவான அளவுகோல் 51 விழுக்காடு உடைமை. பினாமித் தொல்லை இங்கேயும் உண்டு. காகிதத்தில் ஒருவர், கல்லாப்பெட்டியில் வேறொருவர். பெரிய ஒப்பந்தத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பதும், சிறு தொழில்களுக்குப் பணத்தை விரைவாகக் கொடுப்பதும் இலக்கை அறிவிப்பதைவிட அதிகம் உதவும்.

பயணிகள் சேவைக்கும் இந்த வாக்குறுதிக்கும் என்ன தொடர்பு?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜார்ஜ் நகருக்கும் பிரின்ஸ் ரூபர்ட் நகருக்கும் இடையே உள்ள 16-ஆம் எண் நெடுஞ்சாலையை மக்கள் கண்ணீர் நெடுஞ்சாலை என்கிறார்கள். 1970-களை ஒட்டித் தொடங்கி, பல பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிகள், அந்தச் சாலையையொட்டிக் காணாமல்போனார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள். மருத்துவரைப் பார்க்கவோ, பொருள் வாங்கவோ, உறவினர் வீட்டுக்கோ போக வண்டி இல்லாமல், வழியில் வரும் வாகனத்தைக் கைகாட்டி நிறுத்தி ஏற வேண்டிய நிலை அங்கே பலருக்கு இருந்தது. 2006-இல் கூடிய மாநாட்டின் அறிக்கை 33 பரிந்துரைகளைத் தந்தது. பேருந்து விட வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. ஊர்களை இணைக்கும் அரசுப் பேருந்து அந்தச் சாலையில் ஓடத் தொடங்கியது 2017-இல்.

அடுத்த ஆண்டே கிரேஹவுண்ட் என்ற தனியார் பேருந்து நிறுவனம் வடக்குப் பகுதியிலும், பிறகு மேற்குக் கனடா முழுவதிலும் தன் சேவையை ஏறத்தாழ முற்றிலும் நிறுத்தியது. வருமானம் போதவில்லை என்பது வணிக நோக்கில் புரிந்துகொள்ளக்கூடிய காரணம்தான். ஆனால் ஒரு வழித்தடத்தை மூடும் முடிவு, அங்கே சாலையோரம் நிற்கும் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிய முடிவும்கூட. காணாமல்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019-இல் தந்த 231 நீதிக்கான அழைப்புகளில், தொலைதூர ஊர்களுக்குப் பாதுகாப்பான, கட்டக்கூடிய கட்டணத்தில் போக்குவரத்து வேண்டும் என்பதும் ஒன்று.

பூர்வகுடிகளே நடத்தும் போக்குவரத்து நிறுவனங்கள் உண்டா?

உண்டு. டிஷ்வேட்டின் ரயில் நிறுவனத்தை மூன்று சமூகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. இரண்டு இன்னு சமூகங்கள், ஒன்று நாஸ்காப்பி சமூகம். கியூபெக்கின் செட்-இல் துறைமுகத்திலிருந்து வடக்கே ஷெஃபர்வில் வரை இரும்புத் தாதுக்காக 1950-களில் போட்ட பாதையின் வடபகுதி, ஷெஃபர்வில் சுரங்கம் 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்ட பிறகு சுரங்க நிறுவனத்துக்குச் சுமையாகிப்போனது. 2005-இல் அந்தப் பகுதி ஒரு டாலருக்கு இந்தச் சமூகங்களிடம் வந்தது. ஷெஃபர்வில்லுக்குச் சாலை இல்லை. பயண நாளில் மளிகைப் பெட்டிகள், பனி ஊர்திகள், தூளிக் குழந்தைகள் எல்லாம் ரயிலில் ஏறுகின்றன. நடுவழியில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில், தன் வேட்டைக் குடிலுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் ரயில் அங்கே நிற்கிறது. இதற்காகக் கொள்கை ஆவணம் எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. அரசின் நிதியுதவி இல்லாமல் இந்தச் சேவை ஓடாது என்பதும் உண்மை; தொலைதூர ரயில் எங்குமே அப்படித்தான்.

மனிடோபாவில் சர்ச்சில் நகருக்குப் போகும் ஹட்சன் பே பாதை, 2017 மே மாத வெள்ளத்தில் பல இடங்களில் அரித்துச் செல்லப்பட்டது. அன்றைய தனியார் உரிமையாளர் பழுதுபார்க்கும் செலவை ஏற்க முன்வரவில்லை. சாலையில்லாத அந்த நகரத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கு உணவும் எரிபொருளும் விமானத்திலும் கப்பலிலும் வந்தன, விலைகள் ஏறின. 2018-இல் முதற்குடிகளும் வடபகுதி ஊர்களும் தனியார் முதலீட்டாளர்களும் சேர்ந்த ஆர்க்டிக் கேட்வே குழுமம் பாதையை வாங்கிச் சரிசெய்தது. 2021-இல் முழு உடைமையும் முதற்குடிகள், வடபகுதி ஊர்களின் கூட்டமைப்பிடம் வந்தது. வானிலும் முன்னுதாரணம் உண்டு: ஏர் இனுயிட் 1978 முதல் வட கியூபெக் இனுயிட் மக்களின் உடைமையாகப் பறந்துவருகிறது.

எஞ்சினில் வண்ணம் பூசுவது, நில அங்கீகார உரை வாசிப்பது போன்றவற்றால் பயன் உண்டா?

நில அங்கீகார உரை என்பது, கூட்டத் தொடக்கத்தில் அந்த நிலம் எந்தப் பூர்வகுடிகளுடையது என்று சொல்லும் சிற்றுரை. இவை தனியாக நின்றால் பயன் சொற்பமே. உறைவிடப் பள்ளிக் குழந்தைகளின் நினைவாகக் கனடியன் பசிபிக் 2021-இல் ஓர் எஞ்சினுக்கு ஆரஞ்சு வண்ணம் பூசியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பயணிகள் கப்பல் நிறுவனமான பிசி ஃபெரீஸ் தன் சேலிஷ் வகைக் கப்பல்களில் கடலோரப் பூர்வகுடிக் கலைஞர்களின் ஓவியங்களை இடம்பெறச் செய்தது. கலைஞருக்குக் கூலியும் பெயரும் கிடைக்கின்றன, குழந்தைகள் கேள்வி கேட்கிறார்கள், அவ்வளவில் நல்லது. ஆண்டறிக்கையின் அட்டையில் ஓவியமும் உள்ளே வெறும் சொற்களும் இருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கனடாவில் வாழும் தமிழர்களுக்கு இதில் ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் 94-ஆவது செயல் அழைப்பை ஏற்று, 2021 ஜூன் மாதத்திலிருந்து கனடியக் குடியுரிமை உறுதிமொழியில், முதற்குடிகள், இனுயிட், மெட்டிஸ் மக்களின் உரிமைகளை அங்கீகரிக்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பேன் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. அதற்குப் பின் குடியுரிமை பெற்ற தமிழர்களும் அந்த வாசகத்தைச் சொல்லித்தான் குடிமக்களாகியிருக்கிறார்கள். போக்குவரத்து நிறுவனங்களில் பணிபுரிபவர்கள், தங்கள் நிறுவனம் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் கீழ் அளித்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். பூர்வகுடி ஊழியர்களின் எண்ணிக்கை, சேர்ந்தவர்கள், விலகியவர்கள் என்று அதில் தனித்தனி அட்டவணைகள் இருக்கும். விலகியவர்களின் அட்டவணையை முதலில் பாருங்கள்.